அழியா நினைவகமா, அணையா நினைவகமா?

அன்பு நண்பர்களே, வணக்கம்.

மின்சாரம் நின்றாலும் தகவலை இழக்காத நினைவகத்தை (non-volatile memory) "அழியா நினைவகம்" என்கிறோம். மின்கலத்தின் துணையால் நினைவைக் காக்கும் சில்லுகளுக்கு மட்டும் அந்தச் சொல்லை நாம் கைவிட வேண்டும் என்று கேட்டு இதை எழுதுகிறேன். அந்தச் சொல்லை நம்பியதால் ஓர் அளவியின் (அளக்கும் கருவியின்) நினைவு முழுவதும் போய்விட்டது.

பழைய அளவிகளைப் பழுதுபார்ப்பது பற்றி நான் எழுதிய குறிப்புகளைப் படித்த மாணவர் ஒருவர், ஐந்தரை இலக்க மல்டிமீட்டர் ஒன்றைத் திறந்திருக்கிறார். பலகையின் ஓரத்தில் இருந்த லித்தியம் மின்கலம் 3 வோல்ட்டுக்குப் பதில் 2.4 காட்டியது. அதைக் கழற்றிவிட்டுப் புதியதைப் பற்றவைத்தார். பற்றவைப்பில் ஒரு குறையும் இல்லை. அளவியும் ஓடியது. ஆனால் 10 வோல்ட்டை 9.7 என்று காட்டியது. கருவி சரியாக அளக்க அதில் பதித்திருந்த அளவுதிருத்த எண்கள் (calibration constants) அத்தனையும் போயிருந்தன. "எண்கள் அழியா நினைவகத்தில் இருப்பதாக நீங்கள்தானே ஐயா எழுதியிருந்தீர்கள்?" என்று கேட்டார். அவர் மீது பிழையில்லை. என் சொல் மீதுதான் பிழை.

அந்த எண்களை வைத்திருந்த சில்லுக்குள் இருந்தது சாதாரண எஸ்ராம் (SRAM) வகை நினைவகம். மின்சாரம் நின்ற நொடியில் எல்லாவற்றையும் மறந்துவிடும். அளவியை அணைத்த பிறகும் மின்கலம் அதற்குச் சிறிதளவு மின்சாரம் கொடுத்துக்கொண்டே இருப்பதால்தான் எண்கள் நிற்கின்றன. ஈப்ராம் (EPROM) வகை நினைவகம் அப்படியில்லை. அதில் மிதக்கும் வாயில் (floating gate) என்ற, மின்கடத்தாப் பொருள் சூழ்ந்த பகுதியில் சிறைப்பட்ட மின்னூட்டமே தகவல். அதற்கு மின்கலம் தேவையில்லை. இன்டெல் நிறுவனத்தில் டோவ் ஃப்ரோமன் 1971இல் உருவாக்கிய 1702 சில்லு முதல் அதன் அடிப்படை இதுதான். அதுவும் காலப்போக்கில் கசியும் என்பது வேறு கதை. இவ்விரண்டையும் ஒரே சொல்லால் குறிக்கிறோம். பழுதுபார்ப்பவருக்கோ இவை இரண்டும் நேர் எதிரானவை. ஈப்ராமைக் கழற்றி மேசை மேல் வைக்கலாம். எஸ்ராமைக் கழற்றினால் கதை முடிந்தது.

மூன்றாவது ஒன்றும் இருக்கிறது. குழப்பம் அங்கேதான் உச்சம். எச்.பி. 3458ஏ எட்டரை இலக்க மல்டிமீட்டரில் அளவுதிருத்த எண்கள் டல்லாஸ் நிறுவனத்தின் டிஎஸ்1220ஒய் என்ற 2,048 பைட் சில்லுக் கூட்டில் இருக்கின்றன. எஸ்ராம், லித்தியம் மின்கலம், மின்னழுத்தம் இறங்கினால் எழுதுவதைத் தடுக்கும் சுற்று ஆகிய மூன்றையும் ஒரே கறுப்புப் பிசினுக்குள் அடைத்திருக்கிறார்கள். வெளியே மின்கலம் இருப்பதற்கான அடையாளமே தெரியாது. இதை அளவியிலிருந்து கழற்றலாம், நினைவு நிற்கும். ஆனால் மின்சாரம் இல்லாத நிலையில் தகவல் தாங்கும் என்று உற்பத்தியாளர் உறுதியளித்த காலம் 10 ஆண்டுகள்தான். அந்த அளவிகளில் பலவற்றுக்கு இன்று முப்பது வயதுக்கு மேல்.

நிரல் உள்ள ஈப்ராம் கெட்டால் அதே வகை, அதே பதிப்பு அளவி ஒன்றிலிருந்து படியெடுத்துக்கொள்ளலாம். அளவுதிருத்த எண்களை அப்படி இரவல் வாங்க முடியாது. அந்த ஒரு கருவியில் உள்ள மின்தடைகளின், ஒப்பிட்டு அளக்க உதவும் மேற்கோள் மின்னழுத்தத்தின் குறைகளை ஈடுகட்டுவதற்காகவே கணக்கிட்ட எண்கள் அவை. போனால் போனதுதான்.

ஆகவே "அணையா நினைவகம்" என்று முன்மொழிகிறேன். அணையா விளக்கு தானாக எரிவதில்லை. யாரோ எண்ணெய் வார்க்கிறார்கள். எண்ணெய் தீர்ந்தால் அணையும். இந்தச் சில்லும் அப்படித்தான்.

*

ஐயா, வணக்கம்.

விளக்கு உவமை அழகு. ஆனால் கலைச்சொல்லைப் படிப்பவர் உவமையை அறிந்துகொண்டு படிக்க மாட்டார். "அணையா" என்பது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். "அழியா" என்பதும் அதுவே. இரண்டும் ஒன்றையே உறுதி கூறுகின்றன: இதற்கு ஒன்றும் ஆகாது என்று. உங்கள் மாணவர் "அணையா நினைவகம்" என்று படித்திருந்தாலும் அந்த மின்கலத்தைக் கழற்றியிருப்பார். போதாக்குறைக்கு, அழியா, அணையா என்று ஒரே பத்தியில் வந்தால் கண் வழுக்கிவிடும்.

சொல்லிலேயே மின்கலம் தெரிய வேண்டும். "மின்கலக் காப்பு நினைவகம்" என்று சொன்னால் என்ன?

*

அம்மா, வணக்கம்.

நீங்கள் சொல்வது சரி. எதிர்மறைப் பெயரெச்சம் இங்கே பொய் வாக்குறுதி ஆகிவிடுகிறது. விளக்கை விட்டுவிடுகிறேன்.

"காப்பு" என்பதில் எனக்கு ஒரு தயக்கம். காப்பு நகல், காப்புக் கோப்பு என்று அது ஏற்கெனவே மறுபிரதியைக் குறிக்கப் பழகிவிட்டது. "காப்பு நினைவகம்" என்று கண்டால், மூலம் வேறெங்கோ பத்திரமாக இருக்கிறது என்று மாணவர் நினைப்பார். அது இன்னும் ஆபத்து. "ஊட்டு நினைவகம்" என்றும் எழுதிப் பார்த்தேன். மின்னூட்டம் என்ற சொல் குறுக்கே வந்து அதை ஈப்ராம் பக்கம் இழுத்துவிட்டது.

இப்போது என் கையில் இருப்பது "கலந்தாங்கு நினைவகம்". வினைத்தொகை. குடிநீரில் நீர் குடிப்பதில்லை, நாம் குடிக்கிறோம். அதைப் போல, கலம் தாங்குகிற நினைவகம் என்று விரியும். கலத்தைத் தன் வயிற்றில் தாங்கியிருக்கும் நினைவகம் என்று விரித்தாலும் டல்லாஸ் கூட்டுக்கு அது உண்மையே. பொருள் இரண்டாக விரிந்தும் இரண்டுமே சரியாக இருப்பது அரிது. தாங்கும் மின்கலத்தைத் "தாங்குகலம்" எனலாம். நினைவகத்தின் உள்ளறையைச் சிலர் நினைவுக்கலம் என்று எழுதுகிறார்கள். அதைச் "சிற்றறை" என்று மாற்றிக்கொண்டால் மோதல் தீரும்.

பட்டியலில் நன்றாகத் தெரியும் சொல் வாக்கியத்தில் திணறுவது உண்டு. ஆகவே என் குறிப்பின் அந்தப் பகுதியைத் திருத்தி எழுதிப் பார்த்தேன். படித்துவிட்டு எங்கே இடறுகிறது என்று சொல்லுங்கள்:

"அளவுதிருத்த எண்கள் கலந்தாங்கு நினைவகத்தில் உள்ளன. தாங்குகலம் பலகையில் தனியே இருந்தால், அதைக் கழற்றுவதற்கு முன் வேறொரு 3 வோல்ட் மூலத்தை டையோடு வழியாக இணையாகக் கொடுங்கள். மின்கசிவு உள்ள பற்றவைப்புக் கோலைப் பலகை அருகே கொண்டுவராதீர்கள். தாங்குகலம் சில்லுக்குள்ளேயே இருந்தால், கூட்டைக் கழற்றி நிரலேற்றியில் (சில்லைப் படிக்கவும் எழுதவும் உதவும் கருவியில்) படியெடுங்கள். அப்போது ஈப்ராம் என்று தேர்ந்தெடுக்கக் கூடாது. சில்லின் அடையாளம் கேட்க ஈப்ராம் நிரலேற்றிகள் ஏ9 என்ற முகவரிக் காலில் ஏறத்தாழ 12 வோல்ட் செலுத்தும். 5 வோல்ட் கூட்டுக்கு அது பேரிடி. எழுதிப் பார்க்கும் சோதனையையும் அணைத்துவையுங்கள். மூன்று முறை படித்து, மூன்றும் ஒன்றாக இருந்தால் மட்டுமே கோப்பை நம்புங்கள்.

ஈப்ராமில் ஐயம் இருந்தால் 4.5 வோல்ட்டில் ஒரு முறையும் 5.5 வோல்ட்டில் ஒரு முறையும் படியுங்கள். மின்னூட்டம் கசிந்த சிற்றறை, குறைந்த மின்னழுத்தத்தில் 0 என்றும் உயர்ந்ததில் 1 என்றும் காட்டும். கண்ணாடிச் சாளரத்தின் மேல் ஒட்டியிருக்கும் தாளை உரிக்காதீர்கள்."

அந்த மாணவர் இப்போது இன்னோர் அளவியைத் திறக்கக் காத்திருக்கிறார். நீங்கள் சரி என்றதும் இந்தப் பகுதியை அவருக்கு அனுப்புகிறேன்.