புதுப்பிப்பு: கடைசல் உளியின் பிடி ஆடுவது, பூண் கழல்வது – தீர்ந்தது

லேத்தில் (கடைசல் இயந்திரம்) கிண்ணம் கடையப் பயன்படும், 12 மி.மீ. உருண்டைத் தண்டுள்ள கிண்ண உளிக்கு வேப்பமரப் பிடி போட்டதில் பூண் (பிடியின் முனை பிளக்காமல் மாட்டும் பித்தளை வளையம்) கழன்று உளி ஆடுகிறது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

கைகொடுத்தது "முதலில் துளை, பிறகு கடைசல்" என்ற யோசனைதான். நன்றாகக் காய்ந்த பூவரசங்கட்டையை லேத்தில் பிடித்து, பின்தலையில் (கட்டையின் மறுமுனையைத் தாங்கும் பகுதி) டிரில் சக் (பிட்டைப் பிடிக்கும் கவ்வி) மாட்டி, 12.5 மி.மீ. பிட்டால் 75 மி.மீ. ஆழம் துளைத்தேன் (பசைக்கு இடம் வேண்டுமே). அதே துளையில் கூம்பு சென்டரை (கூம்பு வடிவத் தாங்கி) முட்டுக்கொடுத்து வெளிப்பக்கம் கடைந்ததால் தண்டு நேர் மையத்தில் நிற்கிறது.

பூண் கழன்றதற்குக் காரணம் ஈரம். காயக் காய மரம் சுருங்கும், பித்தளை அப்படியே நிற்கும். இந்தமுறை பூண் உட்காரும் இடத்தைக் பூணின் உள்விட்டத்தைவிட 0.2 மி.மீ. கூடுதலாக விட்டு, முனையை லேசாகச் சரித்து, மரச்சுத்தியலால் தட்டி இறக்கினேன். அதற்கு மேல் விட்டால் பூண் மரத்தைச் சீவிக்கொண்டுதான் இறங்கும்.

எதிர்பாராதது ஒன்று: எபாக்ஸிப் பசை ஊற்றிச் செருகிய உளியை, அடியில் சிக்கிய காற்று மெல்ல மேலே தள்ளியது. தண்டில் நீளவாக்கில் கிரைண்டரால் ஒரு சிறு காடி கீறியதும் சரியானது. தண்டைச் சொரசொரப்பாக்கி, அசிட்டோனால் எண்ணெய்ப்பசை போகத் துடைப்பதும் அவசியம்.

பட்டை வால் (பிடிக்குள் செருகும் தட்டையான, சிறுத்துப் போகும் முனை) உள்ள உளிகளுக்கு இந்த நேர்த்துளை உதவாது. அவற்றுக்குப் படிப்படியாகச் சிறுத்துப் போகும் துளை போட வேண்டும்.