மறு: மணவாழ்வில் சேர்ந்த சொத்து – 'மணத்தேட்டம்' சரிவருமா?

வணக்கம்.

வெளிநாட்டு விவாகரத்துப் பத்திரங்களில் வரும் 'marital property' என்பதை, அதாவது மணவாழ்வில் சேர்ந்த சொத்தை, 'மணத்தேட்டம்' என்று எழுதலாமா எனக் கேட்டிருந்தேன். அதற்கு வந்த பதில்:

> 'கூட்டுச்சொத்து' என்றே வைக்கலாமே.

வேண்டாம் என்பேன். திருகோணமலையில் கூட்டுச்சொத்து என்றால் ஒரே உறுதியில் (சொத்துப் பத்திரத்தில்) இரண்டு பெயர் இருப்பதாகத்தான் விளங்கும். நாம் சொல் தேடுவது, பெயர் ஒருவருடையதாக இருந்தாலும் மணவாழ்வில் உழைத்துச் சேர்த்ததால் மற்றவரும் பங்கு கேட்கக்கூடிய ஆதனத்துக்கு (சொத்துக்கு). கலிபோர்னியாவில் அது பாதிக்குப் பாதி.

யாழ்ப்பாணத்தில் இதற்குச் சொல் உண்டு: தேடியதேட்டம். 1707இல் ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) சட்டமாக்கிய தேசவழமை, அதாவது யாழ்ப்பாணத் தமிழரின் வழக்குச் சட்டம், ஆதனத்தை முதுசம் (பரம்பரைச் சொத்து), சீதனம், தேடியதேட்டம் என்று பிரிக்கிறது. (தமிழ்நாட்டு நண்பர்கள் சீதனத்தை மாப்பிள்ளை வீட்டுப் பணமாக நினைக்க வேண்டாம், தேசவழமையில் அது பெண்ணின் ஆதனம்.)

அழகான சொல்தான். ஆனால் நான் சூடுபட்டவன். ரொறன்ரோவில் இருக்கும் மகளின் விவாகரத்துப் பத்திரத்தை மொழிபெயர்க்கச் சொல்லி உப்புவெளி அக்கா ஒருவர் வந்தார். 'தேடியதேட்டம்' என்று எழுதிக் கொடுத்தேன். வாசித்துவிட்டு, "அப்ப இவற்ர பேரில இருக்கிற வீட்டிலயும் எனக்குப் பாதி இருக்கோ தம்பி?" என்று தன் கணவரின் வீட்டைப் பற்றிக் கேட்டார். தேசவழமை வடமாகாணத் தமிழருக்குரியது. இங்கே கிழக்கு மாகாணத்தில் நமக்குப் பொதுச்சட்டம். கணவன் மனைவிக்கு இடையிலான ஆதனக் கூட்டுரிமையை 1876ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டமே நீக்கிவிட்டது. ஒரு சொல் இல்லாத உரிமையை இருப்பதுபோலக் காட்டிவிட்டது. அக்காவுக்கு அதை விளக்கத்தான் எனக்கு அரைநாள் போனது.

அதனால்தான் 'மணத்தேட்டம்'. வேர் நம்முடையது, எந்தச் சட்டத்தின் முத்திரையும் அதில் இல்லை. மணத்துக்கு முன் இருந்ததும் வாரிசாக வந்ததும் 'தனியாதனம்'.

ஒன்டாரியோவுக்கு இது மட்டும் போதாது. அங்கே பிரிப்பது பொருளை அல்ல, மணவாழ்வில் ஏறிய பெறுமதியை. கூடுதலாக ஏறியவர் வித்தியாசத்தில் பாதியை மற்றவருக்குக் கொடுப்பார்: 'சமப்படுத்தல் கொடுப்பனவு'. நியூயோர்க்கில் நீதிமன்றம் நியாயம் பார்த்துப் பிரிக்கும். அதைச் 'சமபங்கு' என்று எழுதினால் பிழை, 'நியாயப் பங்கீடு' சரி.

முதுசக் காசும் சம்பளக் காசும் ஒரே வங்கிக் கணக்கில் கலந்துபோனால் அதற்கு என்ன சொல்? 'கலவைத்தேட்டம்' என்று எழுதிப் பார்த்தேன். கலவை என்றால் எங்கள் மேசன்மார் சீமெந்தைத்தான் நினைப்பார்கள். வேறு சொல் இருந்தால் எழுதுங்கள்.

அன்புடன்,
திருமலையிலிருந்து