பாலே மலை (எத்தியோப்பியா): நேரே சனெட்டிக்கு ஏறலாமா?

நாவற்குழியான்:
ஜனவரியில் நாலு பேர் யாழ்ப்பாணத்திலிருந்து பாலே மலைக்கு வெளிக்கிடுகிறோம். நடையும் பறவை பார்க்கிறதும்தான் நோக்கம். அடிஸ் அபாபாவில் இறங்கி, வாகனத்தில் நேரே சனெட்டி மேட்டுநிலத்துக்குப் போய்க் கூடாரம் அடித்தால் நாள் மிச்சம் எண்டு ஒரு யோசனை. சரிவருமா? என்னென்ன கொண்டுபோக வேணும்?

கீரிமலை:
மாதம் சரி, நவம்பர் முதல் பெப்ரவரி வரை மழை குறைவு. ஆனால் நேரே சனெட்டி வேண்டாம். அது ஏறத்தாழ 4,000 மீற்றர். அங்குள்ள துல்லு டிம்டு உச்சி 4,377. கடல்மட்டத்தில் இருந்து பழகின எங்கட உடம்புக்கு ஒட்சிசன் காணாது. 3,000 மீற்றரைத் தாண்டினால் படுக்கிற உயரத்தை நாளுக்கு 500 மீற்றருக்கு மேல் கூட்டக்கூடாது. பகலில் எவ்வளவு ஏறி இறங்கினாலும் பரவாயில்லை, இரவு எங்கே படுக்கிறீங்கள் எண்டதுதான் கணக்கு. அடிஸில் இரண்டு இரவு, பூங்கா அலுவலகம் இருக்கிற டின்ஷோ ஊரில் இரண்டு இரவு, பிறகு சனெட்டியைப் பகலில் பார்த்துவிட்டுக் கீழேயுள்ள கோபா ஊரில் இறங்கிப் படுங்கோ.

உயரத்தால் வருகிற நோயைத் தடுக்கிற அசெட்டசோலமைட் குளிசை 125 மி.கி. காலையும் இரவும், ஏறுவதற்கு முதல்நாளே தொடங்குவது வழக்கம். சல்பா வகை மருந்துகளுக்கு ஒவ்வாமை இருந்தால் வைத்தியரைக் கேட்காமல் தொடாதேங்கோ. தலையிடியோடு சத்தியும் தள்ளாட்டமும் வந்தால் நடுச்சாமம் எண்டாலும் ஆளைக் கீழே இறக்க வேணும்.

ஆள்காட்டி:
டின்ஷோவில் நிக்கிற நாள் வீண் போகாது. பூங்கா அலுவலகத்தைச் சுற்றியுள்ள ஹகேனியா, ஜூனிப்பர் மரங்களில் அபிசீனிய ஆந்தை பகலில் உறங்கும், எந்த மரம் எண்டு வழிகாட்டிக்குத் தெரியும். கைசே புல்வெளியில் மலை நியாலா மான். ஈரப்புல்லில் ரூஷே நீர்க்கோழி வாலைச் சுண்டிச் சுண்டி நடக்கும். வாலின் அடி வெள்ளை பளிச்செண்டு தெரியும். வெப் பள்ளத்தாக்குக்கு நடக்கிறதெண்டால் குதிரையும் ஆளும் டின்ஷோவிலேயே பிடிக்கலாம்.

சனெட்டியில் நீலச்சிறகு வாத்து, புள்ளிமார்பு ஆள்காட்டி. அகழெலி வளையை விட்டு அரை உடம்புதான் வெளியில் நீட்டிப் புல்லுக் கடிக்கும். வளைக்குப் பக்கத்தில் சின்னப் புல்வெளிக் குருவி ஒண்டு நிக்கிறதைக் கண்டால் வாகனத்தை நிப்பாட்டுங்கோ, எலி வெளியில் வருகிற இடம் அது. எத்தியோப்பிய ஓநாய் இரை தேடுவதும் அங்கேதான். எலிகள் பகலில் நடமாடுவதால் ஓநாயும் பகலிலேயே அலையும். அதைச் சுற்றி வளைக்கவோ பின்தொடரவோ வேண்டாம், உலகத்தில் சில நூறுதான் மிச்சம்.

தெற்குச் சரிவில் இறங்கினால் ஹரென்னா காடு. அதற்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்குங்கோ.

வல்லிபுரம்:
மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியை வெளிக்கிடுவதற்குக் குறைந்தது 10 நாள் முன்னம் போட வேணும். திரும்பி இலங்கைக்குள் வரச் சான்றிதழ் தேவை.

தொலைநோக்கி 8×42 (8 மடங்கு பெரிதாக்குவது) போதும். மேலே மூச்சு வாங்கும்போது 10 மடங்கில் படம் ஆடும். இரவில் உறைகுளிர், −10 பாகைக்கான தூக்கப்பையும் கம்பளித் தொப்பியும் கட்டாயம். கமரா பற்றரியை இரவில் பையின் உள்ளே, உடம்போடு வைத்துப் படுங்கோ; குளிரில் கிடந்தால் காலமை உயிர் இருக்காது. சப்பாத்தை இங்கேயே போட்டுப் பழக்கிவிட்டுப் போங்கோ.