பட்டியலில் இருக்கிற கோப்பைத் திறக்கச் சொன்னால் 'இல்லை' என்கிறது ஏஜென்ட் – எம்.சி.பி., பைத்தான், தமிழ்க் கோப்புப் பெயர்கள்

பம்புசெட்காரன்

வணக்கம். நாங்கள் போர்வெல் மோட்டார் சர்வீஸ் செய்கிறவர்கள். அண்ணன் வருஷக்கணக்காக எழுதிவைத்த குறிப்புகள் 1,180 கோப்புகளாக இருக்கின்றன. எல்லாம் மார்க்டவுன், பெயரும் தமிழிலேயே. எந்த மோட்டாருக்கு எத்தனை சுற்று காயில், எந்தத் தோட்டத்தில் எத்தனை அடியில் தண்ணீர், யார் பாக்கி, எல்லாம் அதற்குள்தான். வேலைக்குப் போகிற பையன்கள் கேட்டால் ஏஜென்ட் (ஏ.ஐ. உதவியாளர்) பார்த்துச் சொல்லட்டும் என்று பைத்தானில் சின்னதாக ஒரு எம்.சி.பி. சர்வர் எழுதினேன், அதாவது ஏஜென்ட் நம் கோப்புகளை எட்டிப் பார்க்க வழிசெய்யும் நிரல். மூன்று டூல்: பட்டியலிட, படிக்க, தேட.

பட்டியல் டூல் ஒரு தடவைக்கு 50 பெயரும், அடுத்த பக்கம் எங்கே தொடங்குகிறது என்று காட்ட ஒரு கர்சரும் (அடையாளக் குறி) தருகிறது. ஏஜென்ட் முதல் ஐம்பதோடு நின்றுகொண்டு 'அப்படி எதுவும் இல்லை' என்று அடித்துச் சொல்கிறது. கர்சர் எம்.சி.பி. விதிமுறையிலேயே இருக்கிறதே, கிளையன்ட் (ஏஜென்டை சர்வரோடு இணைக்கும் செயலி) தானாக அடுத்த பக்கம் போகாதா?

அதைவிடத் தலைவலி இது. 'பம்ப் சீல் மாற்றுதல்' திறக்கிறது. 'கெப்பாசிட்டர் அளவுகள்' திறக்கிறது. 'மோட்டார் ஜாம்' பட்டியலில் கண்ணெதிரே நிற்கிறது, திறக்கச் சொன்னால் கோப்பு இல்லையாம். 'தொட்டி லெவல் சுவிட்ச்', 'கொள்முதல் விலை' இரண்டும் அதே கதி. அண்ணனுடைய பழைய மேக்கில் ஓட்டினால் எல்லாமே திறக்கிறது. கடையில் இருக்கிற லினக்ஸ் பெட்டியில்தான் இந்தக் கூத்து. எங்கே தப்பு என்று பார்க்க பிரிண்ட் போட்டால் இணைப்பே அறுந்துபோகிறது.

இரவுப்பணி

பிரிண்ட்டை முதலில் எடுங்கள். எஸ்டிடிஐஓ (நிரலின் வழக்கமான உள்ளீடு-வெளியீடு) வழியாக ஓடும் சர்வருக்கு எஸ்டிடிஅவுட், அதாவது பிரிண்ட் போய் விழும் வெளியீடுதான் பேச்சுவழி. அதில் ஜேசன் செய்தி தவிர வேறு ஒரு வரி விழுந்தாலும் கிளையன்ட் குழம்பிவிடும். லாக் எல்லாவற்றையும் எஸ்டிடிஎரருக்கு (பிழைச் செய்திக்கான தனி வெளியீடு) அனுப்புங்கள்.

கர்சர் விஷயத்தில் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். விதிமுறையில் உள்ள கர்சர், சர்வரிடம் என்னென்ன டூல், என்னென்ன ரிசோர்ஸ் இருக்கிறது என்று கிளையன்ட் கேட்கும் பட்டியல்களுக்கு. உங்கள் டூல் திருப்பித் தரும் விடைக்குள் நீங்களே வைத்த கர்சர் என்ன என்று கிளையன்டுக்குத் தெரியாது. ஏஜென்டுக்குள் இருக்கிற மொழி மாடல் அதைப் படித்து, புரிந்து, மறுபடி கூப்பிட்டால்தான் உண்டு. புரியாத எழுத்துக்கோவையாக ஒரு கர்சரைக் கடைசியில் ஒட்டியிருந்தால் அது ஏன் கவனிக்கப்போகிறது? விடையின் முதல் வரியிலேயே 'மொத்தம் 1,180, இங்கே 1 முதல் 50 வரை. மீதிக்கு பக்கம் 2 கேட்கவும்' என்று தமிழிலோ ஆங்கிலத்திலோ பச்சையாக எழுதிவிடுங்கள்.

வேம்படி

திறக்காத மூன்று பெயரையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். மோட்டார், தொட்டி, கொள்முதல். மூன்றிலும் கொம்பும் காலும் ஒரே எழுத்தில் சேர்ந்து வருகிறது. கெப்பாசிட்டரில் கொம்பு ஒரு எழுத்தில், கால் வேறொரு எழுத்தில், அது திறந்துவிட்டது. 'பம்ப் சீல் மாற்றுதல்' பெயரில் கொம்பே இல்லை.

'கொள்முதல்' என்று நீங்கள் கையால் தட்டியதையும், கோப்புப் பட்டியலில் வரும் 'கொள்முதல்' என்பதையும் பைத்தானில் நீளம் கேட்டு இங்கே போடுங்கள். விடை இப்போதே எனக்குத் தெரியும், ஆனாலும் போடுங்கள்.

பம்புசெட்காரன்

அண்ணே, தட்டியது 9, பட்டியலில் வந்தது 10! எழுத்து எழுத்தாக எண்ணையும் எடுத்தேன். என்னுடையதில் க-வுக்கு அடுத்து 3018. பட்டியலில் அதே இடத்தில் 3014, 3006 என்று இரண்டு. திரையில் மயிரிழைகூட வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் கோப்புக்கு உள்ளே தேடினால் 'மோட்டார்' ஒழுங்காகக் கிடைக்கிறதே, அது எப்படி?

வேம்படி

3018 என்பது ஒகரக் குறி முழுசாக ஒரே குறியீடு. 3014 ஒற்றைக்கொம்பு, 3006 கால். யூனிகோடைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றேதான். சேர்த்து எழுதினால் என்.எஃப்.சி., பிரித்து எழுதினால் என்.எஃப்.டி. ஓகாரத்துக்கும் அப்படியே: 3019, அல்லது 3015-உம் 3006-உம்.

பழைய மேக்கின் எச்.எஃப்.எஸ். பிளஸ் என்ற கோப்பு முறை கோப்புப் பெயரைப் பிரித்துத்தான் சேமிக்கும். நீங்கள் எந்த வடிவில் கேட்டாலும் தானே பிரித்துப் பார்த்துத் திறந்தும் கொடுத்துவிடும். அதனால் அண்ணனுக்குக் கடைசிவரை தெரிந்திருக்காது. லினக்ஸ் பைட்டைப் பார்க்கும், வேறொன்றும் பார்க்காது. பெயரைத்தான் மேக் பிரித்தது, உள்ளே இருக்கிற எழுத்தைத் தொடவில்லை. ஆகவே உள்ளே தேடினால் கிடைக்கிறது.

இதில் ஏஜென்டின் பங்கும் உண்டு. பட்டியலில் பிரிந்த பெயரைப் பார்க்கிறது. திறக்கச் சொல்லும்போது அதை அப்படியே வெட்டி ஒட்டுவதில்லை, தானாகத் திருப்பி எழுதுகிறது. எழுதும்போது வழக்கமாகப் பழகிய சேர்ந்த வடிவில் எழுதிவிடுகிறது. எல்லாப் பெயரையும் ஒரு தடவை என்.எஃப்.சி.க்கு மாற்றிவிடுங்கள், தீர்ந்தது.

க_மலர்

தீராது. நாளைக்கே அண்ணன் மேக்கிலிருந்து இன்னும் பத்துக் கோப்பு வரும். பெயர் மாற்றுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் மாடலைப் பெயர் எழுத விடாதீர்கள். பட்டியலில் ஒவ்வொரு வரிக்கும் ஒரு எண் கொடுங்கள்: '412 – மோட்டார் ஜாம்'. படிக்கும் டூல் எண்ணை மட்டும் வாங்கட்டும். எந்த எண்ணுக்கு எந்தக் கோப்பு என்பது சர்வரிடமே இருக்கட்டும். புதுக் கோப்பு வந்தாலும் பழைய எண்கள் இடம் மாறாதபடி சேமித்துவையுங்கள். இல்லாத எண் கேட்டால் 'இல்லை' என்று மொட்டையாகச் சொல்லாமல் 'பட்டியலை மறுபடி பார்' என்று வழி சொல்லுங்கள். இதில் உபரி லாபம் ஒன்று: பாதையில் இரட்டைப் புள்ளி போட்டு மேல் கோப்புறைக்குத் தாவுகிற வம்பும் போய்விடும். யார் பாக்கி என்பதெல்லாம் அந்தப் பெட்டியில்தானே இருக்கிறது?

இன்னொன்று, விடையை ஜேசன் டம்ப்ஸ் (தரவை ஜேசன் உரையாக்கும் பைத்தான் கட்டளை) வழியாக அனுப்புகிறீர்கள் என்றால் அதில் என்ஷூர் ஆஸ்கி என்ற அமைப்பை ஃபால்ஸ் ஆக்குங்கள். இயல்பாக விட்டால் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் பின்சாய்கோடு, யு, நான்கு இலக்கம் என ஆறு குறிகளாக வெளியே போகும். 'மோட்டார்' எட்டுக் குறியீடு, அது 48 ஆகும். டோக்கன் (மாடல் உரையை எண்ணும் துண்டு) வீணாவது ஒருபக்கம், மாடல் படிக்கவும் சிரமம்.

பம்புசெட்காரன்

மூன்று பேருக்கும் நன்றி. எண் வைத்தேன், முதல் வரியில் மொத்தக் கணக்கு வைத்தேன், ஆஸ்கியையும் அணைத்தேன். பெயர்களை மாற்ற ஸ்கிரிப்ட் எழுதி ஓட்டியதில் நானூற்றுச் சொச்சம் மாறின. இப்போது ஏஜென்ட் பக்கம் பக்கமாகப் போய்த் தேடுகிறது. நேற்று பையன் ஒருத்தன் ஐந்து குதிரைச்சக்தி மோட்டார் ஜாம் பற்றிக் கேட்டான், 412-ஐத் திறந்து அண்ணன் எழுதியதை அப்படியே சொன்னது.

ஒன்றே ஒன்றுதான் இன்னும் அடம்பிடிக்கிறது. பெயர் தேடலில் 'கௌரி நகர்' கிடைக்கவில்லை. என்.எஃப்.சி. ஆக்கியும் பயனில்லை.

வேம்படி

கோப்புப் பெயரில் அந்த 'கௌ' எழுத்தின் கடைசிக் குறி 2995 என்று இருக்கிறதா பாருங்கள்.

பம்புசெட்காரன்

ஆமாம். கொம்பு 3014, அப்புறம் 2995.

வேம்படி

அது ளகரம். ஔகாரக் குறிக்குப் பதிலாக யாரோ கொம்பு போட்டு 'ள' தட்டியிருக்கிறார்கள். யூனிகோடுக்கு அது 'கெளரி', வேறு சொல். என்.எஃப்.சி., என்.எஃப்.டி. போன்ற எந்த நார்மலைசேஷனும் (ஒரே வடிவாக்கும் முறை) அதைத் தொடாது, கையால்தான் திருத்த வேண்டும்.

பம்புசெட்காரன்

திருத்தியாயிற்று. தட்டியது நான்தான், அண்ணன் இல்லை.