புதுப்பிப்பு: டெக்சாஸில் திருமண லைசென்ஸ் கிடைத்துவிட்டது

சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லாத என் வருங்கால மனைவிக்கு இந்தியப் பாஸ்போர்ட் மட்டும் போதுமா என்று முன்பு கேட்டிருந்தேன். போதும். இருவரும் லைசென்ஸ் வழங்கும் கவுன்டி (மாவட்டம் மாதிரி) கிளார்க் அலுவலகத்துக்கு நேரில் போனோம். விண்ணப்பத்தில் உள்ளதெல்லாம் உண்மை என்று வலது கையை உயர்த்தி உறுதிமொழி எடுக்கச் சொன்னார்கள். அவள் குரல் லேசாக நடுங்கியது. கல்யாணம் நெருங்கிவிட்டது என்பதே எனக்கு அப்போதுதான் உறைத்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். லைசென்ஸ் வாங்கியபின் கல்யாணம் செய்ய 72 மணி நேரம் பொறுக்க வேண்டும். ‘டுகெதர் இன் டெக்சாஸ்’ என்ற, கல்யாணத்துக்கு முன் ஜோடிகள் படிக்கும் வகுப்பை முடித்திருந்தால் அந்தக் காத்திருப்பு கிடையாது, கட்டணத்திலும் 60 டாலர் குறையும். சாட்சி தேவையில்லை. 90 நாளுக்குள் கல்யாணம் நடக்க வேண்டும். அப்புறம், குருக்கள் லைசென்ஸைப் பூர்த்தி செய்து 30 நாளுக்குள் கிளார்க்குக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். கோயிலில் தேதி கேட்கும்போதே அவரிடம் இதைச் சொல்லிவிடுங்கள்.