தனுஷ்கோடியில் பேய் இருக்கிறதா? ‘கோஸ்ட் டவுன்’ பற்றி ஒரு சந்தேகம்

ராமேஸ்வரம் டீச்சர்:
ஒன்பதாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். ஏதோ வீடியோவில் தனுஷ்கோடியைக் ‘கோஸ்ட் டவுன்’ என்று போட்டிருந்ததாம். “ராத்திரி அங்கே பேய் நடமாடுமா டீச்சர்?” என்று வகுப்பே கேட்கிறது. ஆங்கிலத்தில் இந்தச் சொல்லை எதற்கெல்லாம் போடுகிறார்கள்? பிள்ளைகளுக்குப் பிடிபடுகிற உதாரணம் வேண்டும்.

மதுரை மாணவன்:
பேய்க்கும் அதற்கும் சம்பந்தமில்லை டீச்சர். சனம் காலி செய்துவிட்டுப் போய், கட்டடம் மட்டும் நிற்கிற ஊர். தங்கம் தீர்ந்ததும் கைவிடப்பட்ட அமெரிக்கச் சுரங்க ஊர்களை அப்படிச் சொல்வார்கள். கலிபோர்னியாவில் உள்ள போடி பிரபலம். அடுத்தவர் பெயரில் எழுதிக்கொடுப்பவர் ‘கோஸ்ட் ரைட்டர்’. பேசிக்கொண்டிருந்தவர் திடீரென்று பதிலே போடாமல் நின்றுவிட்டால் ‘கோஸ்ட் பண்ணிட்டான்’.

பாம்பன் நாட்டுப்படகு:
டீச்சர், நம்ம கடலிலேயே ஒன்று இருக்கிறது: ‘கோஸ்ட் நெட்’. பாரில், அதாவது கடலடிப் பாறையில் சிக்கி அறுந்த வலை, காற்றில் இழுத்துப்போன வலை, கிழிந்ததென்று கடலிலேயே தள்ளிவிட்ட வலை எல்லாம் அதில் சேரும். வலைக்கு உடையவன் இல்லை, ஆனால் மீன் பிடிப்பது நிற்காது. அந்தக் காலத்துப் பருத்தி நூல் வலை மக்கிப்போகும். நைலானும், தங்கூசி என்கிற ஒற்றை இழை பிளாஸ்டிக் நரம்பும் வருஷக்கணக்கில் கிடக்கும். நண்டு மாட்டும், அதைத் தின்ன வந்த மீன் மாட்டும், ஆமையும் மாட்டும். ஆமையும், ஆவுளியா என்கிற கடற்பசுவும் மூச்சுக்கு மேலே வந்தாக வேண்டிய உயிர்கள். வலைக்குள் மாட்டினால் மூழ்கியே செத்துப்போகும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறை இருக்கிறது. அதன்மேல் வலை சுற்றினால் பாறையும் உடையும். அதற்கு அந்தப் பெயர் சரிதான்.

தனுஷ்கோடிக்கு அதை வைப்பதைத்தான் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. 1964 டிசம்பர் 22 ராத்திரி வந்த புயலில் பாம்பனிலிருந்து போன ரயில் பயணிகளோடு கடலுக்குள் போனது. சுரங்கம் தீர்ந்தது என்று மூட்டை கட்டிக்கொண்டு போன ஊரா அது? வாழத் தகுதியில்லாத இடம் என்று அரசாங்கம் அறிவித்த பிறகும், தனுஷ்கோடியிலேயே உள்ள கம்பிப்பாட்டில் இன்றைக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. கரைவலை இழுக்கிறார்கள், கருவாடு காயப்போடுகிறார்கள். இடிந்த தேவாலயத்தைப் படம் எடுக்கிறவர்கள், பக்கத்தில் சங்கும் மீனும் விற்கிற பெண்களிடம் நாலு வார்த்தை பேசட்டும். உங்கள் வகுப்பில் கம்பிப்பாட்டுப் பிள்ளை யாராவது இருந்தால் ஊரைப் பற்றி அவர்களையே சொல்லச் சொல்லுங்கள்.

ராமேஸ்வரம் டீச்சர்:
ரொம்ப நன்றி அண்ணே. இருக்கிறார்கள், கட்டாயம் சொல்லச் சொல்கிறேன். அப்புறம், வகுப்பில் காட்ட அப்படி ஒரு வலைத்துண்டு கிடைக்குமா?

பாம்பன் நாட்டுப்படகு:
தெற்குவாடிக்கு வாங்க டீச்சர். கரையில் ஒதுங்கினது நிறையக் கிடக்கிறது. சிப்பி ஒட்டியிருக்கும், கையைக் கிழிக்கும். கழுவிச் சுத்தம் பண்ணித் தருகிறேன்.