'சா தாத்து'ன்னா மூணு மணிதானே? அவசரம்

புதியவன்: கிழக்கு ஆப்பிரிக்கா வந்து கொஞ்ச நாள்தான் ஆச்சு, இங்கே சுவாஹிலி பேசுறாங்க. மனைவிக்கு ஸ்கேன். 'சா ன்னே' வரச் சொன்னாங்க. சா-ன்னா மணி, ன்னேன்னா நாலுன்னு ஆப் சொல்லுது. நாலு மணிக்குப் போனா பூட்டிக் கிடக்கு. இப்போ நாளைக்கு 'சா தாத்து'ன்னு மாத்தியிருக்காங்க. தாத்து மூணுதானே? கவுன்ட்டர்ல வேற நான் வாயைத் திறந்தாலே முகம் மாறுது.

கடல்காகம்: எந்த ஊர்னே சொல்லலையே. சுவாஹிலின்னா முதல்ல பெயர்ச்சொல் வகுப்பைப் பிடிங்க. ஒரு புத்தகம் விழுந்தா 'கிதாபு கிமோஜா கிமேஅங்குகா'. ரெண்டு விழுந்தா 'விதாபு விவிலி விமேஅங்குகா'. பெயர், எண், வினை மூணுக்கும் ஒரே தலை. 'விழுந்தது'ல நாம கடைசியில ஒட்டுறதை அவங்க முன்னாடி ஒட்டுறாங்க. ஆளுங்கன்னா வேற தலை: ம்தோதோ குழந்தை, வாதோதோ குழந்தைகள்.

ரசவடை: மனுஷன் ஸ்கேனுக்குப் போறார், பரீட்சைக்கு இல்ல. முகம் மாறுறது நலம் விசாரிக்காம நேரா விஷயத்துக்கு வர்றதால. பெரியவங்கன்னா 'ஷிகாமோ'. அவங்க 'மரஹாபா'ம்பாங்க. உங்க வயசுக்காரங்கன்னா 'ஹபாரி'. அப்புறம் 'நதாகா' (வேணும்) வேண்டாம், 'நாஓம்பா' (கேட்டுக்கிறேன்) சொல்லுங்க.

மழைக்கால்: நைரோபியில இவ்வளவு பணிவு பார்க்க மாட்டாங்க. பசங்க பேசுறது ஷெங், சுவாஹிலியும் இங்கிலீஷும் உள்ளூர் மொழிகளும் கலந்தது. இங்கிலீஷே போதும் ப்ரோ.

புதியவன்: அருஷா. சொல்ல விட்டுட்டேன்.

கடல்காகம்: அப்போ போதாது. டான்சானியாவில அரசு ஆரம்பப் பள்ளி பெரும்பாலும் சுவாஹிலியிலதான். இங்கிலீஷ் வழி அதுக்கு அடுத்த செகண்டரியில இருந்து.

ஊறுகாய்: மொழி கிடக்கட்டும், வாடகை ஆறு மாசத்துக்கு மொத்தமா முன்பணம் கேட்கிறாங்களே, அது எந்த வகுப்பு?

ரசவடை: அதை விடுங்க, தமிழ்ல எழுதி வச்சு மனப்பாடம் பண்றவங்களைச் சொல்லணும். 'பெறு'வும் 'பாதா', வாத்தும் 'பாதா'. முன்னதுக்கு பால்ல வர்ற ப, பின்னதுக்கு பஸ்ல வர்ற ப. காதால கேட்டுப் படிங்கப்பா.

நெடுந்தீவு: தம்பி கேட்டது நேரம். அதை ஒருத்தரும் சொல்லேல்லை. சுவாஹிலியில மணி விடியலில இருந்து எண்ணுறது, காலை 7 தான் சா மோஜா. ஒன்றில இருந்து ஆறு வரை சொன்னா 6 கூட்டுங்கோ, ஏழில இருந்து பன்னிரண்டு வரை எண்டால் 6 கழியுங்கோ. ன்னே எண்டது காலை 10. நீங்கள் போனது ஆறு மணித்தியாலம் பிந்தி. தாத்து எண்டால் 9. 'அசுபுஹி' எண்டால் காலை, 'உசிகு' எண்டால் இரவு. இங்கிலீஷில சொன்னா வழக்கமான மணிதான், அதுக்கும் கூட்டிப் போடாதேங்கோ. இப்பவே போன் எடுத்து 'சா தாத்து அசுபுஹி?' எண்டு கேளுங்கோ, அல்லது 9:00 எண்டு எஸ்எம்எஸ் அனுப்பச் சொல்லுங்கோ. என்ன ஸ்கேன் எண்டும் நீங்கள் சொல்லேல்லை. சிலதுக்குச் சாப்பிடாமல் போக வேணும், சிலதுக்குத் தண்ணி குடிச்சிட்டுப் போக வேணும். அதையும் சேர்த்துக் கேளுங்கோ.